சுவரைப் பார்த்த பிறகு படத்தைப் பாருங்கள்

வீடு கட்டி, பூசி, பெயின்ற் அடித்து முடிந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கண்ணுக்குப் பிடித்த படம் ஒன்றைப் பிறேமோடு வாங்கி வந்து, மண்டபத்தில் எந்தச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதோ அதில் ஆணி அடிப்பது. இரண்டு மாரி போனதும் தாள் அலை அலையாக எழும்பி, சிவப்பெல்லாம் வெளுத்து நீலம் பூத்து, பிறேமுக்குப் பின்னால் கறையான் மண்வரி ஏறியிருக்கும். பிறகு கடைக்காரருக்குத்தான் திட்டு விழும். வன்னியில் படம் தெரிவு செய்கிற வேலை சுவரில் தொடங்கவேண்டும். எந்தச் சுவர் மாரியிலும் காய்ந்து கிடக்கிறது, எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்பது தெரிந்த பிறகுதான் என்ன படம், என்ன அளவு என்ற பேச்சு.

ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரைக்கும் வாடைக் காற்றோடு வருகிற மழை வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான் சாய்ந்து அடிக்கும். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடுகளில் தாழ்வாரம் குறுகல். சீமெந்துக் கல் தண்ணீரை நன்றாகவே குடிக்கும். உட்பக்கம் பெயின்ற் கொப்பளித்திருந்தால், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் பிடிக்க ஒரு வழி உண்டு. மழை விட்ட மறுநாள், ஒரு முழம் அகலப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ரேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, 24 மணித்தியாலம் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இரண்டு அறைகளைப் பிரிக்கிற சுவர்தான் படத்துக்கு முதல் தெரிவு. புதுப் பூச்சென்றால் குறைந்தது 4 கிழமை காயவிடுங்கள்; மாரியில் பூசியது என்றால் மாசி வரை பொறுங்கள்.

அடுத்தது வெயில். வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் வடக்கு யன்னல் வெளிச்சம் படத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. கிளிநொச்சி வடக்கு 9 பாகை சொச்சத்தில் கிடக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலாலும் வெயில் உள்ளே வரும். மற்ற மாதங்களில் தெற்கால் வரும். மேற்கு யன்னலுக்கு எதிர்ச்சுவர் வருடம் முழுக்க மாலை வெயில் குடிக்கும். ஆகவே ஒரே ஒருநாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கவேண்டாம். யன்னல் இருக்கிற சுவரிலேயே, அதற்குப் பக்கத்தில் மாட்டினால் நேர்வெயிலும் படாது, கண்ணாடியில் யன்னல் தெரிந்து கண்ணும் கூசாது.

இனிப் படம். ஸ்ரூடியோக்களில் சுவிற்சலாந்து மலையும் அருவியும் மலிந்து கிடக்கின்றன. பிடித்தால் போடுங்கள், ஆனால் அதை விட நல்லவை செலவில்லாமல் கிடைக்கும். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2017 முதல், காப்புரிமை முடிந்த இலட்சக்கணக்கான படைப்புகளின் படங்களைக் கட்டணமின்றித் தரவிறக்க விட்டிருக்கிறது. ஆம்ஸ்ரர்டாமின் றைக்ஸ் மியூசியமும் அப்படியே. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: அங்கிருந்து பலரும் முதலில் எடுப்பது யப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலையைத்தான். 1831 அளவில் வந்த அந்த மரச்செதுக்கு அச்சு 25க்கு 37 சென்ரிமீற்றர்தான். A3 தாளில் அச்சிட்டால் மூல அளவுக்குக் கிட்ட வரும், மிக அழகாகவும் வரும். ஆனால் 2004 மார்கழிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையோர வீடொன்றில் அதைத் தொங்கவிடச் சொல்ல வாய் வராது. வரைந்தவர் நினைத்தது ஆழிப்பேரலையை அல்ல என்று விளக்கலாம்; வீட்டுக்கு வருகிறவர்கள் விளக்கம் கேட்டுக்கொண்டா பார்ப்பார்கள்?

எங்கள் பக்கத்துக்குப் பொருந்துவது தாவர ஓவியங்கள். தாவரவியலாளர் றொபேர்ட் வைற் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட 6 தொகுதிகளில் 2,000க்கு மேற்பட்ட கல்லச்சுப் படங்கள் உண்டு. றங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களின் கைவேலை அவற்றில் நிறைய. இலங்கைத் தாவரங்களுக்குத் தாவரவியலாளர் ஹென்றி றைமனின் நூலும் 100 படத்தகடுகளும் இருக்கின்றன. பல்லுயிர் மரபு நூலக இணையத்தளத்தில் இவை இலவசம். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள் என்பதால் வைற்றின் தகடுகள் வெளுத்துப் போகிற ஆபத்தும் குறைவு. ஒரே அளவில் 3 அல்லது 4 சேர்த்து மாட்டினால் நீளச் சுவருக்கு எடுப்பாக இருக்கும்.

இரணைமடு, வவுனிக்குளம், வயல், பனங்கூடல் என்று நீங்களே கைபேசியில் எடுத்ததும் நல்ல படம்தான். கணக்கைப் பாருங்கள். 4000க்கு 3000 பிக்சல் உள்ள படம், அங்குலத்துக்கு 200 புள்ளி என்று வைத்தால் 20க்கு 15 அங்குலம் தெளிவாக வரும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். இப்போது 8 அங்குலத்துக்கு மேல் போனால் மங்கல். கடைக்கு அனுப்பும்போது ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஓர் ஓவியர் வரைந்ததை முகநூலிலிருந்து எடுத்துப் பெருப்பிப்பது இரண்டு வகையில் பிழை: பிக்சலும் போதாது, அது அவருடைய உழைப்பும். உயிரோடிருக்கிற ஓவியர்களிடம் அச்சுப்பிரதி கேட்டு வாங்குங்கள்.

அச்சிடுகிறவரிடம் கேட்கவேண்டியது இரண்டு கேள்வி. மை சாயமா, நிறமியா? சாய மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், மிஞ்சுவது நீலம்; தேநீர்க்கடைப் பழைய கலண்டர்கள் நீலமாக நிற்பதும் அந்த மாதிரித்தான். நிறமி மை பல மடங்கு நிற்கும். தாள் என்ன பாரம்? 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) போட்டோக்கொப்பித் தாள் முதல் மாரியிலேயே அலைபாயும். 200க்குக் குறையாத, பளபளப்பில்லாத ‘மற்’ தாள் கேளுங்கள். பளபளப்புத் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரித்தால் படம் கண்ணாடியோடு போகும்.

இடையில் ஒரு விஷயம். இங்கே பல வீடுகளில் சாமிப்படத்துக்கு அடுத்ததாகச் சுவரில் இருப்பது மாலை போட்ட படம். அல்பங்கள் இடம்பெயர்வில் போய்விட, அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை 16க்கு 20 என்று பெருப்பிக்கச் சொல்லாதீர்கள். முகம் கரைந்து, பிறகு கணினியில் பூசி மெழுகி வேறு ஆளாகிவிடும். 35க்கு 45 மில்லிமீற்றர்ப் படத்தை 1200 புள்ளியில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2125 பிக்சல் வரும். அது A5 அளவுக்குச் சரி. A5 படத்தைச் சுற்றி அகலமான மட்டை, அதாவது மவுண்ட் வைத்துப் பெரிய பிறேமில் போட்டால் சுவரில் தேவையான மதிப்போடு நிற்கும். மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். மூலப்படம் வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில், லமினேற் செய்யாமல் இருக்கவேண்டும். லமினேற் செய்ததைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

மவுண்ட் என்பது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வருகிற, சாளரம் வெட்டிய தடித்த மட்டை. அலங்காரம் என்று நினைத்துப் பணம் மிச்சம் பிடிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் வேண்டாம் என்பார்கள். மாரியில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும்போது படம் அதில் தொடாமல் காப்பது இதுதான். பச்சை, ஊதா, றோசா என்று அடர்த்தியாகப் பெயின்ற் அடித்த சுவரிலிருந்து படத்தைப் பிரித்துக் காட்டுவதும் இதுதான். அப்படியான சுவருக்கு மங்கல் வெள்ளை மவுண்டை விட வேறு நிறம் தேடவேண்டாம். அமிலமில்லாத மட்டையா என்று கேளுங்கள். சாதாரண மட்டையின் வெட்டுவிளிம்பு சில வருடத்தில் பழுத்து, படத்தைச் சுற்றித் தேநீர்க் கறை போலக் கோடு போடும்.

அளவில் அதிகம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஸ்ரூடியோ பிறேம்கள் 8க்கு 12, 12க்கு 18 என்று அங்குலத்தில் இருக்கும்; தரவிறக்கி அச்சிடுவது A அளவில் இருக்கும். A3 என்பது 11.7க்கு 16.5 அங்குலம். அதை 12க்கு 18 பிறேமில் வைத்தால் நீளப்பக்கம் ஒன்றரை அங்குலம் வெறுமையாகும். மவுண்டோடு அடிப்பதென்றால் முதலில் இந்தக் கணக்கு: நிற்கிற A3 படம் 29.7க்கு 42 சென்ரிமீற்றர். சாளரம் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் உள்ளே, அதாவது 29.1க்கு 41.4. மேலேயும் இரண்டு பக்கமும் 6 சென்ரிமீற்றர், கீழே மட்டும் 7 விட்டால் மட்டையின் வெளியளவு 41.1க்கு 54.4. கீழே கூட விடுவது, சமமாக விட்டால் படம் கீழே வழுக்குவது போலத் தெரிவதால். 3 சென்ரிமீற்றர் அகலச் சட்டம் என்றால் மூலை வெட்டுகளோடு 215 சென்ரிமீற்றர் போகும். ஏழரை அடி கேளுங்கள்.

சட்டத்துக்குத் தேக்கின் வைரமும் முதிரையும் சிறந்தவை. பழைய கதவு நிலை உடைத்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஏற்கெனவே காய்ந்து நெளிந்து முடிந்த மரம். வெளிறு மரம் உளுத்துவிடும். சட்டத்துக்குக் கீழே மஞ்சள் மாப்போலத் தூள் கொட்டினால் அதுதான். பொன்நிறப் பிளாஸ்ரிக் சட்டத்தைக் கறையான் தொடாது, ஆனால் A2க்கு மேல் கண்ணாடிப் பாரத்தில் மூலை விரியும். கண்ணாடி 2 மில்லிமீற்றர் போதும்: சதுர மீற்றருக்கு 5 கிலோ. மேலே சொன்ன பிறேமில் கண்ணாடி மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒளி தெறிக்காது என்று விற்கிற சொரசொரப்புக் கண்ணாடி, நடுவில் மவுண்ட் இருந்தால் படத்தைப் புகைபிடித்தது போலக் காட்டும். வேண்டாம்.

படத்தை மட்டையோடு பொருத்துவதில்தான் பெரும்பாலான கடைகள் கெடுக்கின்றன. நாலு பக்கமும் செலோரேப் ஒட்டினால், ஈரத்தில் தாள் விரியும்போது போக இடமில்லாமல் நடுவில் அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் அகலத்தில், மெல்லிய தாள் நாடாவால் ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். செலோரேப் எந்த இடத்திலும் வரக்கூடாது. பசை பழுத்து முன்பக்கம் ஊறும். பின்மூடிக்கு ஹாட்போட் வைப்பார்கள். படத்துக்கும் ஹாட்போட்டுக்கும் இடையில் அமிலமில்லாத மட்டை ஒன்று வேண்டும். ஈரச் சந்தேகம் உள்ள வீட்டுக்கு, பெயர்ப்பலகை அடிக்கிறவர்கள் பாவிக்கிற நெளிவுள்ள பிளாஸ்ரிக் மட்டை ஹாட்போட்டை விட மேல், கறையானுக்கு அதில் சாப்பாடில்லை. கடைசியில் பின்விளிம்பு முழுவதையும் தாள் ரேப்பால் மூடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் வீதித் தூசி மயிரிழை இடைவெளியாலும் உள்ளே போகும், வெள்ளிப்பூச்சியும் போகும். இதையெல்லாம் பூட்டுகிற நாள் வெயில் நாளாக இருக்கட்டும். மழைநாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறீர்கள்.

மாட்டும் உயரம்: நின்று பார்க்கிற இடத்தில் படத்தின் நடு நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர். எங்கள் வீடுகளில் படங்கள் கூரைக்குக் கிட்டப் போய்விடுவது சாமிப்படப் பழக்கம். சாமிக்கு அது சரி, ஓவியத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. கதிரைக்கு மேலென்றால் சாய்வின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் விடுங்கள், அகலம் கதிரைத் தொகுதியின் மூன்றில் இரண்டு. பலதைச் சேர்த்தால் இடைவெளி 5 முதல் 8 சென்ரிமீற்றர். முதலில் பத்திரிகைத் தாளை பிறேம் அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள்.

கொங்கிறீற் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு வட்டமாகப் பெயரும். 6 மில்லிமீற்றர்த் துளை, அதே அளவு பிளாஸ்ரிக் அடைப்பு, 40 மில்லிமீற்றர் ஸ்குறூ. பூச்சே 12 முதல் 15 மில்லிமீற்றர் தடிப்பு. அடைப்பு அதைத் தாண்டிக் கல்லுக்குள் போகவேண்டும். துளைக்கும்போது திடீரென வெறுமைக்குள் விழுந்தால் அது பொள்ளல் கல்லின் குழி, இரண்டு அங்குலம் தள்ளித் துளையுங்கள். 2 கிலோவுக்கு மேற்பட்ட படத்துக்கு ஒரு கொழுவி போதாது. இரண்டு போட்டால் சாயவும் மாட்டாது. கீழ் மூலைகளில் 5 மில்லிமீற்றர் தடிப்பில் றப்பர்த் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். பல்லியும் ஓடும்தான். சொல்லுக்குப் பலன் பார்க்கிற வீடென்றால் எந்தத் திசைச் சுவரில் மாட்டுகிறோம் என்று அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தை கழிந்து வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றுங்கள். குளவி மண்கூடு கட்டியிருந்தால் காயவிட்டுச் சுரண்டுங்கள், ஈரமாகத் துடைத்தால் செம்மண் கறை சுவரில் தங்கும். கறையான் வரி தெரிந்தால் படத்தை இடம் மாற்றிவிட்டுச் சுவரைக் கவனியுங்கள். கண்ணாடியில் தண்ணீரை நேரே தெளிக்கவேண்டாம், துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தெளித்த தண்ணீர் கீழ் விளிம்பால் உள்ளே இறங்கி மவுண்டின் அடியில் பழுப்புக் கோடு போட்டுவிடும்.