கியூவில் நின்ற 43 மெயில்கள்

போன மாதம் நண்பரின் அச்சகத்து சர்வரை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே போன். "பில் ஒண்ணுகூட வரலைன்னு கஸ்டமர் எல்லாம் கேக்குறாங்க, என்ன பண்ணி வெச்ச?"

இன்னும் போகாமல் காத்திருக்கும் மெயில்களைக் காட்டும் மெயில்கியூ கட்டளை கொடுத்தேன். 43 மெயில்கள். ஒவ்வொன்றின் கீழும், எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை என்று சொல்லும் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இப்படி மாட்டிக்கொண்டவற்றை உடனே திருப்பி அனுப்பாது. வழக்கமான அமைப்பில் 5 நாள் வரை விடாமல் முயலும். அதனால்தான் அச்சகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

'ரெஃப்யூஸ்டு' என்று வந்திருந்தால் எதிர்முனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. என் சர்வரின் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. ஒரு முகவரிக்கான மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் சரியாகத்தான் வந்தது.

சரி, கையாலேயே பார்த்துவிடலாம் என்று பெறுபவரின் மெயில் சர்வருக்கு சர்வர்கள் மெயில் பரிமாறிக்கொள்ளும் 25-ஆம் போர்ட்டில், நேரடியாக இணைத்துப் பார்க்கும் டெல்நெட் கட்டளையைப் போட்டேன். 'டிரையிங்' என்றதோடு சரி. இரண்டு நிமிடம் கழித்து அதுவே கைவிட்டது. வீட்டு லேப்டாப்பிலும் அதே கதை. "அவங்க சர்வர்தான் படுத்திருக்கு" என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். பல வீட்டு இணைப்புகளிலும் 25-ஐ அடைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்பது தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அரை நாள் போச்சு.

நல்லவேளை, பழைய சர்வரை இன்னும் ரத்து செய்திருக்கவில்லை. அங்கிருந்து அதே டெல்நெட்: கண் இமைப்பதற்குள் 220, அதாவது 'தயார்'. வணக்கம் சொல்லும் இஹெச்எல்ஓ அடித்தேன், 250, அதாவது 'சரி'. அனுப்புநர், பெறுநர் இரண்டுக்கும் 250. க்விட், 221, விடைபெற்றது. ஆக, எதிர்முனையில் கோளாறே இல்லை. புது சர்வரிலிருந்து 25 வெளியே போகவில்லை, அவ்வளவுதான். நிறுவனத்துக்கு டிக்கெட் போட்டதும் ஒத்துக்கொண்டார்கள்: ஸ்பாமைத் தடுக்கப் புதுக் கணக்குகளுக்கு மூடிவிடுவார்களாம். வாங்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

திறக்கச் சொல்லிக் கெஞ்சாமல், நம் மெயிலை வாங்கி நமக்காக அனுப்பிவைக்கும் ஒரு ரிலே சேவையை 587-ஆம் போர்ட் வழியாக, பயனர்பெயர், கடவுச்சொல்லோடு இணைத்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் ரிலேஹோஸ்ட் வரியில் அந்த ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கும் எம்எக்ஸ் தேடிக்கொண்டு போகும். அப்புறம் கியூவில் நின்றவற்றை உடனே அனுப்பச் சொன்னேன். 43, 30, 12, காலி.

சாயங்காலம் மறுபடி போன். பில் வந்துவிட்டதாம், ஆனால் ஸ்பாம் பெட்டியில். நம் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் ரிலேயைச் சேர்க்க மறந்திருந்தேன்.