பில் திரும்பிய நாளில் ஆறுமணிக்குருவி

2012 அக்டோபர். டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எங்கள் அலுவலகத்தின் மாதச் சம்பள பில்லைத் தயாரித்துக் கருவூலத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. இப்போது எல்லாம் ஆன்லைன். அப்போது காகிதம்தான்: பில், பின்னால் பிடித்தங்களின் ஷெட்யூல்கள், அதாவது பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் அதிகாரியின் கையெழுத்து, சீல்.

அன்று பில்லைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பி.எஃப். ஷெட்யூலின் கூட்டுத்தொகை நூறு ரூபாய் இடித்தது. தப்பு என்னுடையதுதான். பதினாறு பேர் சம்பளம் தள்ளிப்போய்விடுமே என்ற பதற்றத்தோடு சைக்கிளை எடுக்கக் கருவூலத்தின் பின்பக்கம் போனேன்.

பாதாம் மரத்தடியில் காக்கைகள் கூடிக் கத்திக்கொண்டிருந்தன. ஏலத்துக்காக வருடக்கணக்கில் நிற்கும் பழைய ஜீப் ஒன்று அங்கே உண்டு. அதன் டயரை ஒட்டிச் சருகுக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் பை என்றுதான் நினைத்தேன். அது தலையைத் திருப்பியது.

மைனாவைவிடச் சின்னப் பறவை. முதுகு இலைப்பச்சை, வயிறு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கண்ணோடு சேர்த்து மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம். இறக்கையின் தோளில் ஒரு நீலத் திட்டு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு காக்கை இரண்டடி தூரத்தில் வந்து நின்றது. பில் கட்டை வீசித்தான் அதை விரட்டினேன்.

கூட்டுகிற அக்கா விளக்குமாறோடு வந்தார். சருகைக் குவித்துக் கொளுத்துவதற்காக வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"சார், சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்துமே, அந்தக் குருவி. எங்க ஊரு மூங்கில் தோப்புல கேட்டிருக்கேன். பார்த்ததே இல்ல."

ஆறுமணிக்குருவி. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் சீட்டியடிப்பதால் வந்த பெயர். வடக்கே நவரங் என்கிறார்கள். உலகம் முழுக்க வழங்கும் பிட்டா என்ற பெயர், குருவி என்று பொருள்படும் தெலுங்குச் சொல். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே வந்து, இலங்கை வரைக்கும் போகிறது. பயணம் இரவில். ஐம்பது, அறுபது கிராம்தான் எடை. களைத்துப்போய்க் கொல்லையிலும் மாடிப்படியிலும் விழுந்து கிடப்பது அக்டோபரில் நடக்கிற விஷயம். அதைத் தூக்கிக் கூண்டில் போட வேண்டாம். நாயும் காக்கையும் அண்டாமல் நிழலில் விட்டால் தானே தேறிக்கொள்ளும். அன்று அது தெரியாமலேதான் சரியாகச் செய்திருக்கிறோம்.

"நீங்க போய் வேலையைப் பாருங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

போய்த் திருத்தி, கையெழுத்து வாங்கித் திரும்ப மூன்று மணி ஆனது. பில்லை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்ததும் பின்பக்கம் ஓடினேன். அக்கா ஜீப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டார். குருவி எழுந்துவிட்டது! தத்தித் தத்தி வந்து, ஒரு பாதாம் இலையை அலகால் புரட்டிப் போட்டது. அடுத்த இலையைப் புரட்டியது. கீழே இருந்த மண்புழுவை இழுத்து விழுங்கிவிட்டு, அந்தக் குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் குப்பை என்று கொளுத்துகிற சருகுதான் அதற்குச் சோறு. அக்காவிடம் கேட்டேன். "அந்த மூலையை மட்டும் விட்டுடறேன். யாராவது கேட்டா நீங்க சொல்லணும்" என்றார். கேட்டார்கள், நானும் போய்ச் சொன்னேன். அந்தப் பனிக்காலம் முழுக்க அது அங்கேயே இருந்தது. ஏப்ரல் வாக்கில் சத்தம் நின்றது. அடுத்த அக்டோபரில் மறுபடி கேட்டது. அதே பறவைதானா என்று சொல்ல முடியாது, ஆனால் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

2016-இல் எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். அக்டோபர் பிறந்தால் அக்காவுக்கு போன் போட்டு, "வந்துடுச்சா?" என்று கேட்பேன். ஜீப் ஏலத்தில் போய்விட்டதாம், மரம் இருக்கிறதாம். போன வருடம் நான் கூப்பிடும் முன்பே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. போனை மரத்தடிப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறார். பஸ் ஹாரனுக்கு நடுவே அந்த இரண்டு சுரம் கேட்டது. மணி பார்த்தேன், ஆறடிக்க ஐந்து நிமிடம்.