அம்மா இருக்கும் பிள்ளைகளை வளர்ப்பது: மதுரையில் எங்கள் அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள் வளர்கிறார்கள். நாங்கள் பெற்றவர்களும் இல்லை, தத்தெடுத்தவர்களும் இல்லை. அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. அப்பா இறந்துவிட்டார். அம்மா நெடுநாள் சிகிச்சையில் இருக்கிறார். அவர் தேறி எழும்வரை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி இருவரும் எங்களோடு இருக்கிறார்கள். அரசுக் காகிதங்களில் இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். எங்களைப் பார்த்துவிட்டு, நாமும் முன்வரலாமா என்று விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. குழந்தைகளின் பெயர், பள்ளி, சொந்த ஊர் எதையும் இதில் தேடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. தடை இல்லாவிட்டாலும் நான் எழுதமாட்டேன்.

கணவர் அரசு ஊழியர். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் படிப்பை முடித்து வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது, மனதிலும் இடம் இருந்தது. தெரிந்த ஆசிரியை ஒருவர்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள் என்றார். 2015-ஆம் ஆண்டின் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இந்த ஏற்பாட்டைச் சொல்கிறது என்பதே அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வளர்க்க முன்வருபவர்களுக்கு வயது வரம்பு உண்டு. முன்பு தம்பதியருக்கு மட்டும் என்றிருந்ததை, 2024-இல் திருத்தி வெளியிட்ட மாதிரி நெறிமுறைகளில் தனியாக வாழ்பவர்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். தனித்து வாழும் பெண், ஆண் பெண் எந்தக் குழந்தையையும் வளர்க்கலாம். தனித்து வாழும் ஆணிடம் ஆண் குழந்தையை மட்டுமே ஒப்படைப்பார்கள்.

விண்ணப்பத்தோடு அடையாள, முகவரி, வருமானச் சான்றுகள் கேட்டார்கள். காவல்துறை விசாரணை நடந்தது. வீட்டில் உள்ள அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி மூன்றும் அதில் அடக்கம். மாமியாருக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நோய்த்தொற்று இருந்தால் பாதிக்கப்படப்போவது குழந்தைதானே? பெரியாஸ்பத்திரியில் எல்லாவற்றையும் முடித்தோம்.

காகித வேலை அவ்வளவுதான். வீட்டு ஆய்வு அப்படியல்ல, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமூகப் பணியாளரான அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வீட்டின் சதுர அடியைக் கேட்பார் என்று நினைத்திருந்தோம். அவர் கேட்டவை வேறு. மதியம் பள்ளியிலிருந்து குழந்தை வரும்போது யார் வீட்டில் இருப்பார்கள்? உங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்கள்? மகளைக் கடைசியாக எப்போது அடித்தீர்கள், எதற்காக? மாமியாரைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் விசாரித்தார். கடைசியாக ஒன்று கேட்டார்: "இந்தக் குழந்தைகள் ஒருநாள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். அன்றைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" கணவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம்" என்றார். அந்தப் பதிலை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

தத்தெடுக்கும் எண்ணத்தோடு இதற்குள் வருபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியான குழந்தை, ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் இரண்டு ஆண்டுகள் வளர்ந்திருந்தால், அந்தக் குடும்பமே தத்தெடுக்க இப்போது வழி இருக்கிறது. அது உண்மை. ஆனால் எங்கள் பிள்ளைகளைப் போல, பெற்றவர் உயிரோடு இருந்து, பிள்ளைகள் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இருக்கவும் கூடாது.

நாங்கள் கேட்டது ஒரு குழந்தை. இவர்களோ அக்காவும் தம்பியும். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் அப்போது இருந்த குழந்தைகள் இல்லத்தில் ஒரே அறையில் எங்களைச் சந்திக்க வைத்தார்கள். அந்தப் பெண் தம்பியின் கையை விடவே இல்லை. திரும்பி வரும் வழியில் காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோது, இரண்டு கட்டில் போட அறை போதுமா என்று கணவர் கேட்டார். அங்கேயே முடிவாகிவிட்டது.

உறவினர்களிடம் சொன்னபோது வந்த முதல் கேள்வி, "பிள்ளைகள் என்ன ஆட்கள்?" என்பதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குழந்தைகள் வந்த பிறகும் அதையே கேட்டார்கள், அதனால் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

பள்ளிச் சேர்க்கையிலும் வங்கிக் கணக்கிலும் அலைந்தோம். ஒரு தனியார் பள்ளியில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பமே தரமாட்டோம் என்றார்கள். மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை குழுவின் ஆணையைப் படித்துப் பார்த்தார், அன்றே சேர்த்துக்கொண்டார். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை அவரே எங்களுக்கு விளக்கினார். வங்கிக் கிளை ஒன்றில் நீங்கள் யார் இந்தக் குழந்தைகளுக்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சமூகப் பணியாளர் உடன் வந்து மேலாளரிடம் பேசிய பிறகே கணக்குத் திறந்தது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. சாப்பாடு, துணிமணி, நோட்டுப் புத்தகங்களுக்கு அது பெரிய உதவி. அதை வருமானமாக நினைத்து யாரும் வர வேண்டாம். குழந்தைகளுக்கு எல்லாம் புரியும்.

வந்த புதிதில் அந்தப் பெண் எதற்கும் அனுமதி கேட்பாள். தண்ணீர் குடிக்கலாமா, விசிறி போடலாமா, தம்பியை எழுப்பலாமா. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது என்று தம்பியின் வேலை எல்லாவற்றையும் அவளே செய்தாள். நான் தொட்டால் முகம் இறுகிவிடும். அலகின் ஆற்றுப்படுத்துநரிடம் (கவுன்சலரிடம்) சொன்னேன். "இத்தனை நாள் அந்தப் பையனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அவள்தான். அதைச் சட்டென்று பிடுங்காதீர்கள். ஒரு வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள், மற்றதை மெல்ல வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். தலை வாரும் வேலையை விட்டோம். காலையில் அவனை இரண்டு முழங்காலுக்கு நடுவே உட்காரவைப்பாள். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீப்பின் முனையால் இடது பக்கம் வகிடு எடுப்பாள். கோணினால் கலைத்துவிட்டு மறுபடி எடுப்பாள். எங்கள் அம்மா இப்படித்தான் எடுக்கும் என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். அதன் பிறகு குளிப்பாட்டும் வேலை என்னிடம் வந்தது, அடுத்து வீட்டுப்பாடம். இப்போது அவள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் போய்த் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறாள். தம்பி எங்கே இருக்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை.

அம்மாவின் சந்திப்புகள்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தன. குழு நாள் குறித்துக் கொடுக்கும், ஆற்றுப்படுத்துநர் உடன் இருப்பார். முதல் சந்திப்பில் அந்தத் தாய் முறுக்கும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்திருந்தார். மகள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மகன் மடியில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தான். அன்று இரவு படுக்கையை நனைத்தான், அடுத்த சில நாள்கள் பள்ளியில் யாரோடும் பேசவில்லை. நல்லது நினைப்பவர்கள் உட்பட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சந்திப்பை நிறுத்திவிடுங்கள், குழந்தை தெளிந்துவிடும். ஆற்றுப்படுத்துநர் மட்டும் மறுத்தார். பார்த்ததால் அழுகிறான், பார்க்காமல் இருந்தால் அழுவதைக்கூட நிறுத்திவிடுவான் என்றார். தொடர்ந்தோம்.

அப்படி ஒரு சந்திப்பில், பையன் வகுப்பில் கவனிப்பதே இல்லை என்று ஆசிரியை சொன்னதை நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அந்த அம்மா உடனே, "இடது காதில் அடிக்கடி சீழ் வரும் அக்கா. குளிக்கும்போது பஞ்சு வைத்துவிடுங்கள்" என்றார். எந்தக் கோப்பிலும் அது இல்லை. பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டியபோது செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரிந்தது. சிகிச்சை தொடங்கியது, வகுப்பில் வலது காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி இடம் மாற்றினார்கள். ஒரு தாய்க்குத் தெரிந்ததை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தை இன்னும் எத்தனை நாள் மந்தம் என்று பெயர் வாங்கியிருக்கும்! இப்போது ஒவ்வொரு சந்திப்புக்கும் கேட்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். பிள்ளைகள் எங்களை அத்தை, மாமா என்று அழைக்கிறார்கள். அந்த அம்மாவும் என்னிடம் பள்ளிக்கூடச் செய்திகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இதையெல்லாம் நாங்கள் தனியாகத் தாங்கியிருக்க முடியாது. சட்டப்படி குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வந்து பார்ப்பது கண்காணிப்பு. அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டது பேச்சுத்துணை. எங்கள் சமூகப் பணியாளர் தன் சொந்த முயற்சியில், இப்படிக் குழந்தைகளை வளர்க்கும் சில குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூட்டினார். பிள்ளைகள் மாடியில் விளையாட, பெரியவர்கள் கீழே உட்கார்ந்து பேசினோம். சந்திப்பு நாளுக்கு மறுநாள் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாத்தா சொன்னது எங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத அறிவுரை. அந்தக் கூட்டம் இப்போது வழக்கமாக நடக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில். டீயும் சுண்டலும்தான் செலவு. ஆணையைக் கையில் கொடுக்கும் நாளிலேயே இன்னொரு வளர்ப்புக் குடும்பத்தை ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஓர் ஊழியரின் நல்ல மனதை நம்பி இதை விடக் கூடாது, விதியாகவே எழுத வேண்டும்.

அந்தக் கூட்டத்தால் வெளியாருக்கும் பயன் கிடைத்தது. எங்கள் தெருவில் பேரன் பேத்தியை வைத்துக்கொண்டு பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு பாட்டி, முடியவில்லை, இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். குழந்தைகள் சொந்த வீட்டிலேயே இருக்க நிதி ஆதரவு என்று தனித் திட்டம் இருப்பதைக் கூட்டத்தில் கேட்டிருந்தேன். நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தொகை அதே 4,000. பாட்டியை அழைத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் இன்னும் அவரிடம்தான் இருக்கிறார்கள். யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் மாவட்ட அலகோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள்.

இந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். அந்தத் தாத்தா வளர்க்கும் பையன் இல்லத்திலிருந்து வந்தவன், பிளஸ் டூ முடிக்கிறான், 18 வயது நிறையப்போகிறது. வளர்ப்புப் பராமரிப்பு அன்றோடு முடிந்துவிடும். 18-க்குப் பிறகு, பொதுவாக 21 வயதுவரை, பிற்காப்பு உதவிக்கு, அதாவது இல்லப் பராமரிப்பிலிருந்து வெளிவந்த இளைஞர்களுக்கான ஆதரவுக்கு, சட்டத்தில் இடம் இருக்கிறது. பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்று அவனே முடிவு செய்துகொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பாதுகாப்பு அலுவலரையும் அழைத்திருக்கிறோம். பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பம் குழுவின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.