மீடிறன் பட்டைகளைப் பாடமாக்காமல் படித்த விதம்

மட்டக்களப்பில் இருந்தபடி அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்வது) அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குத் தயாரானபோது, மீடிறன் பட்டைகளின் (செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கின்றன என்பதைக் கொண்டு வானொலி அலைகளைப் பிரித்த வகுப்புகளின்) அட்டவணையை முதலில் அப்படியே பாடமாக்கினேன். மாதிரி வினாத்தாளில் வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் எந்தப் பட்டையில் அடங்கும் என்ற வினாவுக்கு, ‘கிகா’ என்பதைக் கண்டவுடன் எஸ்.எச்.எஃப். (SHF, 3 முதல் 30 கிகாஹேர்ட்ஸ் வரையான பட்டை) என்று எழுதிப் பிழைவிட்டேன். சரியான விடை அதற்குக் கீழுள்ள யூ.எச்.எஃப். (UHF); அதன் மேலெல்லை 3 கிகாஹேர்ட்ஸ்.

அதன் பிறகுதான் அட்டவணைக்குப் பின்னாலுள்ள கணக்கைப் பார்த்தேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறது. இலக்கம் 7 என்றால், 10இன் 7ஆம் வலுவை 0.3ஆல் பெருக்கக் கீழெல்லையும் 3ஆல் பெருக்க மேலெல்லையும் கிடைக்கும். அதாவது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான எச்.எஃப். (HF) பட்டை. அடுத்த இலக்கம் வீ.எச்.எஃப். (VHF), அதற்கடுத்தது யூ.எச்.எஃப். மேலெல்லை பட்டைக்குள் சேரும், கீழெல்லை சேராது. ஆகவே சரியாக 30 மெகாஹேர்ட்ஸ் என்பது எச்.எஃப். ஆகும்.

எல்லைகள் ஏன் 1இல் தொடங்காமல் 3இல் தொடங்குகின்றன என்பதே என்னை நெடுநாள் குழப்பியது. ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 கோடி மீற்றர் என்பதால், 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வந்துவிடும். 3, 30, 300 மெகாஹேர்ட்ஸ் முறையே 100, 10, 1 மீற்றராகின்றன. அம்மப்பாவின் பழைய வானொலிப் பெட்டியில் 25 மீற்றர், 41 மீற்றர் என்று அச்சிட்டிருந்த சிற்றலை இடங்கள் எல்லாம் எச்.எஃப். என்பது அப்போதுதான் விளங்கியது.

பட்டைகளுக்கு எல், எஸ் என்று இடும் எழுத்துப் பெயர்கள் வேறொரு மரபு. இரண்டாம் உலகப் போர்க்கால ராடார் இரகசியத்தில் பிறந்தவை என்பதால் அவற்றில் அகர வரிசையைத் தேட வேண்டாம்: எல் 1–2, எஸ் 2–4, சி 4–8, எக்ஸ் 8–12 கிகாஹேர்ட்ஸ். 22 கிகாஹேர்ட்ஸை அண்டி நீராவி அலைகளை உறிஞ்சுவதால் கே பட்டையின் கீழ்ப்பகுதி கேயூ என்றும் மேற்பகுதி கேஏ என்றும் பிரிந்தன; நம் கூரைகளிலுள்ள டிஷ் அன்டனாக்களில் பெரும்பாலானவை கேயூவைச் சேர்ந்தவை. ஒரே மீடிறனுக்கு இரு மரபிலும் பெயர் இருக்கலாம்: அந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் யூ.எச்.எஃப். ஆகவும் எஸ் பட்டையாகவும் இருப்பதால், வினா எந்த வகைப்பாட்டைக் கேட்கிறது என்பதை முதலில் வாசியுங்கள்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போனால் இரண்டையும் ஓரிடத்தில் நினைத்துப் பார்க்கலாம். கடல்சார் வீ.எச்.எஃப். கருவியின் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ், கப்பல்களின் எக்ஸ் பட்டை ராடார் 9.4 கிகாஹேர்ட்ஸ் அளவில், எஸ்.எச்.எஃபில் இயங்குகிறது.

அமெச்சூர் பட்டைகளின் மீற்றர்ப் பெயர்களை மட்டும் இந்த வகுத்தலால் சோதிக்க வேண்டாம். அவை வழக்கில் கிட்டிய முழு எண்ணாகச் சொல்லப்படும் பெயர்கள். 40 மீற்றர் என்றால் கணக்கு 7.5ஐத் தரும், ஆனால் அந்தப் பட்டை தொடங்குவது 7 மெகாஹேர்ட்ஸில்.