பட்டேவியா கப்பலும் வீபே ஹேஸ் என்ற சிப்பாயும்

1629ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்பு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘பட்டேவியா’ என்ற கப்பல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹௌட்மன் அப்ரோலஸ் தீவுக்கூட்டத்தின் பவளப்பாறையில் மோதிச் சிக்கிக்கொண்டது. எதிரே வெண்ணுரை தெரிவதாகக் காவலில் இருந்த மாலுமி சொன்னபோது, அது அலைமேல் விழும் நிலவொளிதான் என்று முடிவுசெய்து, கப்பலைத் திருப்பாமல் விட்டுவிட்டார் மாலுமித் தலைவர் ஏரியன் யாகோப்ஸ். கடலில் தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்க வழியில்லாத காலம் அது. கரை இன்னும் வெகுதொலைவில் இருப்பதாகவே அவர் நம்பியிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜெரோனிமஸ் கார்னெலிஸ் என்ற கொடியவனைச் சுற்றியே சொல்கிறார்கள். எனக்கோ, அவனைவிட வீபே ஹேஸ் என்ற சாதாரணச் சிப்பாயும், அந்தத் தீவுகளில் யாருக்குத் தண்ணீர் கிடைத்தது என்ற கேள்வியுமே முக்கியமாகப் படுகின்றன.

கப்பலில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ நாற்பது பேர் மூழ்கி இறந்தனர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒதுங்கிய இடம், மரமோ ஊற்றோ இல்லாத ஒரு பவளத்திட்டு. பயணத்தின் தலைமை அதிகாரி பிரான்சிஸ்கோ பெல்சார்ட், முன்பு ஆக்ராவில் கம்பெனியின் வணிகத்தைக் கவனித்து, முகலாய இந்தியாவைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியவர். அவரும் யாகோப்ஸும் நாற்பதுக்கும் மேற்பட்டோருடன் படகில் ஏறித் தண்ணீர் தேடிப் பெருநிலக் கரைக்குச் சென்றனர். அங்கே போதிய நீர் கிடைக்காததால், இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியா நகரை நோக்கிப் படகைத் திருப்பினர். பின்தங்கியவர்கள், தலைவர்கள் புறப்பட்டுச் சென்ற திட்டுக்குத் ‘துரோகிகள் தீவு’ என்று பெயரிட்டார்கள். குடிக்க நீரின்றிக் கண்ணெதிரே பலர் செத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயரை வைத்தவர்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

அதிகாரிகள் போய்விட்ட அந்த இடத்தில், கம்பெனியின் படிநிலைப்படி தலைமை தானாகவே கார்னெலிஸிடம் வந்து சேர்ந்தது. ஹார்லெம் நகரில் மருந்துக்கடை நடத்தி நொடித்துப்போனவன்; கப்பலில் துணை வணிக அதிகாரி. கடலில் இருக்கும்போதே யாகோப்ஸுடன் சேர்ந்து கப்பலைக் கைப்பற்றச் சதி செய்திருந்தவன். மீட்புக் கப்பல் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கடற்கொள்ளையில் இறங்குவது என்பது அவனுடைய புதிய திட்டம். அதற்குத் தடையாக இருக்கக்கூடியவர்களையும், உணவில் பங்குகேட்கும் வாய்களையும் குறைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, முதலில் இரகசியமாகவும் பின்னர் பட்டப்பகலிலும் ஆட்களைக் கொல்லச் செய்தான். நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கைஸ்பெர்ட் பாஸ்டியான்ஸ் என்ற மதகுரு, மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். மூத்த மகள் யூடிக் மட்டுமே எஞ்சினாள்.

சிப்பாய்களை அப்புறப்படுத்த அவன் கையாண்ட வழிதான் அவனுக்கே வினையாக முடிந்தது. வீபே ஹேஸ் தலைமையில் ஏறத்தாழ இருபது பேரை, ஆயுதம் கொடுக்காமல், தண்ணீர் தேடும்படி மேற்கு வாலபி தீவில் இறக்கிவிட்டான். அங்கே அவர்கள் தாகத்தால் மடிந்துபோவார்கள் என்பது அவன் எதிர்பார்ப்பு. அவர்களோ நாள் கணக்கில் தேடி நன்னீரைக் கண்டுபிடித்தார்கள். வாலபி என்னும் சிறு கங்காரு இனமும், பறவைகளின் முட்டைகளும், மீனும் அங்கே தாராளமாகக் கிடைத்தன. தண்ணீர் கிடைத்ததற்கு அடையாளமாகப் புகை எழுப்பியும் படகு ஏதும் வரவில்லை. பிறகு, மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பி வந்தவர்கள் சொல்லித்தான் நடக்கும் படுகொலைகள் ஹேஸுக்குத் தெரியவந்தன.

அதன்பின் அவர் செய்த காரியங்களில்தான் என் மனம் நிலைக்கிறது. ஒதுங்கிய பொருள்களிலிருந்து கிடைத்த இரும்பையும் ஆணிகளையும் கழிகளில் பொருத்தி ஈட்டிகள் செய்தார்கள். தட்டையான சுண்ணாம்புக்கல் பலகைகளைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிறு அரண்கள் எழுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் எழுப்பிய கட்டுமானங்களில் மிகப் பழமையானவையாகக் கருதப்படும் அவை இன்றும் அங்கே நிற்கின்றன. பதவியோ கம்பெனியின் ஆணையோ இல்லாத ஒருவர், ஐம்பது பேர்வரை பெருகிய கூட்டத்தைச் சிதறாமல் வைத்திருந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி, சமாதானம் பேசுவதுபோல் துணிமணிகளோடு வந்து, அவருடைய ஆட்களை விலைக்கு வாங்க முயன்ற கார்னெலிஸையே அவர்கள் பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 17 அன்று, வௌட்டர் லூஸ் தலைமையில் மிஞ்சிய கலகக்காரர்கள் துப்பாக்கிகளுடன் தாக்கிக்கொண்டிருந்தபோதே, பெல்சார்ட்டை ஏற்றிவந்த ‘சார்டம்’ கப்பலின் பாய் கண்ணில் பட்டது. இரு தரப்பும் அதை நோக்கிப் படகைச் செலுத்தின. ஹேஸ் முந்திக்கொண்டு போய் உண்மையைச் சொன்னதால்தான் அந்தக் கப்பல் தப்பியது. அக்டோபர் 2ஆம் தேதி கார்னெலிஸின் இரு கைகளும் வெட்டப்பட்டு, அவனும் வேறு ஆறு பேரும் தூக்கிலிடப்பட்டனர்.

ஹேஸுக்குக் கிடைத்தது சார்ஜன்ட் பதவி. பெல்சார்ட்டோ கம்பெனியின் வெள்ளிப் பெட்டிகளை மீட்பதற்காக நவம்பர் வரை அங்கேயே தங்கினார். பன்னிரண்டில் பத்துப் பெட்டிகள் கைக்கு வந்தன. இத்தனை சாவுகளுக்குப் பிறகும், பாறைப்பகுதியில் ஒதுங்கியிருந்த ஒரு சிறு வினிகர் பீப்பாயை எடுத்துவரப் படகில் அனுப்பப்பட்ட சார்டத்தின் மாலுமித் தலைவரும் வேறு நான்கு பேரும் திரும்பி வரவேயில்லை.