அலுவலகப் பையில் ஒரு வாட்டர்கலர் செட்

புது வேலையில் சேர்ந்ததும் முதலில் மூலைக்குப் போவது வாட்டர்கலர்தான். நேரமின்மை பாதிக் காரணம். எல்லாவற்றையும் பரப்பி, வரைந்து, திரும்ப எடுத்துவைக்கிற அலுப்பு மீதி. பையிலேயே கிடக்கும் சின்ன செட் இருந்தால் மதிய இடைவேளையே போதும்.

மஞ்சள், சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, இந்த நாலு ட்யூப் வாங்குங்கள். கறுப்பு வேண்டாம்; கடைசி இரண்டையும் கலந்தாலே அருமையான சாம்பல் வரும். ட்யூப் வண்ணத்தைப் பிழிந்துவைக்கிற சின்னக் கிண்ணமான காலி ஹாஃப் பேனை ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, விரிசல் விடும். பாதி நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, மீதியை நிரப்புங்கள்.

கஞ்சத்தனத்தை பிரஷ்ஷில் காட்டலாம், காகிதத்தில் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள் எடுங்கள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாய் நெளியும். ஏ4 தாளை நாலாக வெட்டினால் ஏ6, பைக்குச் சரியான அளவு.

அடுத்த பூச்சுக்கு முன் புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டால் ஓரம் சிதறிய திட்டுகள் விழும், அழித்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால், அதுவும் சென்னை மழைக்காலத்தில், வண்ணத்தின் மேல் பூஞ்சை பிடித்துவிடும்.