மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் பயம்

விமானத் தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியர் என்றதும் சொந்தக்காரர்கள் நான் ஏதோ ஜெட் இன்ஜினையே செய்வதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பெங்களூரில் எங்கள் ஷாப்பில் ஓடுவது பெரும்பாலும் அலுமினியத் தகடும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளும்தான். எந்த ஓட்டையை எந்த வரிசையில் போடுவது, யார் பார்த்து ஸ்டாம்ப் குத்துவது என்று எழுதித் தருவது என் வேலை.

தகடுகளைக் கிளீகோ என்ற தற்காலிகப் பிடிப்பான்களை மாட்டிச் சேர்த்து, டிரில் போட்டு, மறுபடி பிரித்து, ஓட்டை ஓரத்துப் பிசிரை எடுத்து, இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை தடவி, திரும்பச் சேர்த்த பிறகுதான் ரிவெட். பிசிரை விட்டால் பின்னாளில் விரிசல் அங்கிருந்து கிளம்பலாம். சீலன்ட்டில் பி-2 என்று போட்டிருந்தால் கலந்ததிலிருந்து 2 மணி நேரம்தான், மிச்சம் குப்பைக்கு. அதனால் டீ பிரேக் எப்போது என்று பார்த்துத்தான் வரிசையே எழுதுவேன், சிரிக்காதீர்கள்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். மாட்டி, சரிபார்த்து, ஸ்டாம்ப் குத்தியதை யாராவது திரும்பக் கழற்றும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லேண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737-9 விமானத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைக்கும் பிளக் நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதே, அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகளும் இல்லை. பக்கத்தில் பழுதான ரிவெட்டுகளை மாற்றுவதற்காக போயிங்கின் ரென்டன் ஆலையில் அந்த பிளக்கைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் திறந்ததற்கான பதிவு இல்லை என்று அமெரிக்காவில் விபத்துகளை ஆராயும் என்டிஎஸ்பி அமைப்பின் விசாரணை சொன்னது. பதிவு இல்லையென்றால் திரும்ப மாட்டியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டிய வேலையும் யார் பட்டியலிலும் வராது.

எங்கள் ஷாப்பிலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். “சார், இந்த பிராக்கெட்டை எடுத்தாத்தான் கை உள்ளே போகுது. ரெண்டு போல்ட்தானே, எடுத்துட்டு மாட்டிடறேன்.” கேட்பவர் என்னைவிட மூத்தவர், அவர் கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் ஷிஃப்ட் முடிந்து அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டால்? அடுத்து வருகிறவர் பழைய ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு மேலே பேனலை மூடிவிடுவார். “கழற்றுறதுக்குப் பேப்பர் எழுதிட்டே எடுங்கண்ணே” என்பேன். பழைய ஸ்டாம்ப் ரத்து, திரும்ப மாட்டியதும் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி இன்ஸ்பெக்டர் பார்த்துப் புது ஸ்டாம்ப். ரெண்டு போல்ட்டுக்கு இவ்வளவா என்று பிளானிங்கிலிருந்து போன் வரும், மாசக் கடைசியில் கொஞ்சம் சத்தமாகவே வரும்.